காவிப்பல்

வத்தலக்குண்டு என்றதும் இலக்கிய வாசகர்களின் நினைவில் சில பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ராஜமையர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா. மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்று தமிழ் உரைநடைக்கு இத்தனை பேரைக் கொடுத்திருப்பதைப் பற்றி நண்பர்கள் வியந்து பேசும்போதெல்லாம் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கிருந்து கிழக்கே, நிலக்கோட்டையையும் தாண்டி உள்ளடங்கிய கிராமம் என்னுடையது. எங்கள் பக்கத்து ஆட்களை வெளியூரில் அடையாளம் காண்பதற்கு எழுத்தோ பேச்சோ தேவையில்லை. வாயைத் திறந்தால் போதும். முன்பற்களில் குறுக்காக ஓடும் பழுப்புக் கோடுகள், இடையிடையே சுண்ணாம்பு அப்பியது போன்ற வெண்திட்டுகள், சிலருக்குச் சிறு குழிகள். காவிப்பல் என்பார்கள் எங்கள் ஊரில். அதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த காரணம், தேநீர்.

இந்தக் காரணத்தை முதலில் யார் சொன்னார்கள் என்பது தெரியாது. ஆனால் அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தாய்மார்களைப் பார்த்து. காலையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வக்கில்லாமல் டீத்தூளைக் கொதிக்கவைத்து, ஒரு பன்னைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுக் களைவெட்டுக்குப் போகிறவர்கள். எங்கள் அம்மா அப்படிப் போனவள்தான். என் தங்கையின் பற்களைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அத்தை, "டீயைக் குடுத்துக் குடுத்தே பிள்ளை பல்லக் கெடுத்து வச்சிருக்கா" என்பாள். அம்மா ஒருமுறைகூட "இல்லை மதினி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. தங்கைக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது அம்மா தேநீர் குடிப்பதை நிறுத்தினாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அடுப்பில் கொதிக்கும் டீயை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு அவள் வெந்நீர் குடித்தாள்.

நாங்கள் மூன்று பேர். அக்கா பிறந்தது 1975-ல், நான் 1979-ல், தங்கை 1983-ல். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே தேநீர். ஆனால் மூன்று பேருக்கும் மூன்று வகையான பற்கள். அக்காவின் முன்பற்கள் பழுதற்றவை. எனக்கு முன்பற்களின் முனை வெண்மையாகவும் ஈறை ஒட்டிய பகுதி பழுப்பாகவும் இருக்கும். தங்கைக்கு முனையிலிருந்து ஈறுவரை காவி. தேநீர்தான் காரணம் என்றால் எங்களில் அதிகக் காலம் அதைக் குடித்த அக்காவுக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? எங்கள் அப்பத்தா சாகும்வரை ஒரு நாளைக்கு ஐந்து முறை வரட்டீ குடித்தாள். அவள் பல்லில் இருந்தது வெற்றிலைக் கறை. அடுப்புச் சாம்பலை வைத்து அவள் அழுத்தித் தேய்த்தால் அதுவும் விட்டுவிடும்.

இந்தக் கணக்கைக் கல்லூரியில் நிலவியல் கற்பிக்கும் நண்பரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "உங்க ஊருக்கு அடிபம்பு எப்ப வந்தது?" என்பது. 1982-ல். எனக்கு அப்போது மூன்று வயது. அதுவரை ஊர் குடித்தது ஊருணித் தண்ணீரும், மழை பெய்தால் ஊறும் ஆழமற்ற கிணற்றுத் தண்ணீரும். ஊருணித் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வருகிறது, நரம்புச் சிலந்தி வருகிறது என்று ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு வைத்தார்கள். எண்பதுகளில் இந்தியா முழுக்க அடிபம்புகள் முளைத்த காலம் அது. ஊரில் அன்று பொங்கல் வைத்ததாக அக்கா சொல்வாள். வயிற்றுப்போக்கு உண்மையிலேயே குறைந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பல்லின் மேற்பூச்சான எனாமல் முனையில் தொடங்கி ஈறை நோக்கி அடுக்கடுக்காகப் படிகிறது. நிலைத்த முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் படியத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். பல் முளைப்பது ஆறேழு வயதில் என்றாலும் தாடைக்குள் அது முன்பே கட்டி முடிக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டுமான ஆண்டுகளில் உடலில் ஃப்ளோரைடு மிகுந்தால் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். பல் வெளியே வந்தபின் அந்தத் துளைகளில் காவி ஏறும். அக்காவுக்கு அடிபம்பு வந்தபோது ஏழு வயது. முன்பற்கள் தப்பின. என்னுடையவற்றில் பாதி கட்டி முடிந்திருந்தது. தங்கை பிறந்ததே அந்தத் தண்ணீருக்குள். மரத்தை வெட்டினால் வளையங்களில் பஞ்ச ஆண்டும் மழை ஆண்டும் தெரியும் என்பார்களே, அப்படி எங்கள் மூன்று பேர் வாயிலும் 1982 எழுதப்பட்டிருந்தது.

இதில் மர்மம் எதுவும் இல்லை என்பதுதான் பின்னர் வாசித்தபோது என்னைத் தொந்தரவு செய்தது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தில் 1901-ல் தொழில் தொடங்கிய ஃப்ரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், உள்ளூர்க்காரர்களின் பழுப்புப் பற்களைப் பார்த்துத் தண்ணீரைச் சந்தேகித்தார். முப்பது ஆண்டுகள் அந்தச் சந்தேகத்தோடு அலைந்தார். 1931-ல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளரான சர்ச்சில் அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆறு ஆண்டுகளில், 1937-ல், நம் சென்னை மாகாணத்திலேயே நெல்லூர் மாவட்டத்து விவசாயிகளின் வளைந்த முதுகெலும்பையும் கறைப்பட்ட பற்களையும் ஆராய்ந்து, காரணம் கிணற்று நீரின் ஃப்ளோரைடுதான் என்று கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் எழுதினார்கள். (மலேரியாக் கிருமி மனிதக் கல்லீரலில் ஒளிந்து வளர்வதைப் பின்னாளில் கார்ன்ஹாமுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர் இதே ஷார்ட்தான்.) ஆக, எங்கள் ஊரில் அடிபம்பு வைப்பதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே, எங்கள் மாகாணத் தலைநகரிலேயே, இந்த நோயின் காரணம் அச்சாகியிருந்தது. அது எங்கள் பம்படிக்கு வந்து சேரவில்லை. அங்கே தேநீர் என்ற பதில் போதுமானதாக இருந்தது.

ஏன் எங்கள் நிலத்தில் மட்டும் இப்படி? மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பழனி மலைத்தொடர். அதன் மேல் கோடைக்கானல். தென்மேற்குப் பருவமழையை அந்த மலை வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் நாங்கள் மழை மறைவுப் பிரதேசம். மலையில் விழும் மழை பாறைமேல் வழிந்து ஓடையாகி விரைந்து கீழே இறங்கிவிடுகிறது. கல்லோடு பேச அதற்கு நேரம் இல்லை. சமவெளியில் கதை வேறு. நைஸ், சார்னோகைட் பாறைகளின் விரிசல்களுக்குள் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. அந்தப் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு உண்டு. வெயிலும் வறட்சியும் தண்ணீரைக் காரமாக்குகின்றன. அதிலுள்ள கால்சியம் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்து விலகிவிட, ஃப்ளோரைடைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் அது நீரில் கரைந்துகொண்டே போகிறது. எவ்வளவு ஆழம் தோண்டுகிறோமோ, பெரும்பாலும் அவ்வளவு பழைய தண்ணீர். திண்டுக்கல் மாவட்டத்து நீரின் ஃப்ளோரைடு அளவுகளை வரைபடமாக்கி 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் நிலக்கோட்டை வட்டாரம் பாதிப்புப் பகுதியாகத் தனியே காட்டப்பட்டிருந்தது. இந்தியத் தர நிர்ணயம் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. நண்பர் ஒரு சோதனைப் பெட்டியோடு வந்து எங்கள் பம்பில் பார்த்தபோது அது மூன்றை ஒட்டி நின்றது.

கோடைக்கானல் ரோடு என்று பெயர் வைத்த ரயில் நிலையம் இருப்பது எங்கள் பக்கத்து அம்மையநாயக்கனூரில். அங்கிருந்து மலை உச்சி எண்பது கிலோமீட்டர். அங்கே இறங்கும் பயணிகள் ஒரு தேநீர் குடித்துவிட்டு மேலே போய் இன்னொரு தேநீர் குடித்து, மேலே உள்ளதுதான் ருசி என்பார்கள். குளிருக்கு இதம் என்று காரணமும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் தூள் ஒன்றுதான். வேறுபடுவது தண்ணீர்.

இவ்வளவும் அறிந்துகொண்ட பிறகு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "அப்ப டீயில ஒண்ணுமே இல்லையாய்யா?" என்றாள்.

இல்லை என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது உண்மையல்ல. தேயிலைச் செடி அமில மண்ணில் வளர்வது. அந்த மண்ணிலிருந்து அலுமினியத்தையும் ஃப்ளோரைடையும் உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும் வினோதமான செடி அது. கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் பல மடங்கு. அதனால்தான் முற்றிய இலையையும் காம்பையும் அழுத்திச் செய்யும் கட்டித் தேயிலையை நாள் முழுக்கக் காய்ச்சிக் குடிக்கும் திபெத்தியர்களிடமும் மங்கோலியர்களிடமும், தண்ணீரில் குறையே இல்லாதபோதும் பல்லிலும் எலும்பிலும் இந்த நோய் காணப்படுகிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பெண்மணி பதினேழு ஆண்டுகள் தினமும் நூறு முதல் நூற்றைம்பது தேநீர்ப் பைகளை ஒரு குடுவையில் ஊறவைத்துக் குடித்து, எலும்புகள் இறுகி, நொறுங்கத் தொடங்கிய பற்களை எல்லாம் பிடுங்க நேர்ந்ததை 2013-ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அதே ஆண்டு இங்கிலாந்தில் கடைகளில் விற்கும் தேயிலைகளைச் சோதித்தவர்கள், மலிவு விலைத் தூளில்தான் ஃப்ளோரைடு கூடுதல் என்றார்கள். மலிவுத் தூளில் முற்றிய இலை அதிகம். எங்கள் வீட்டுக்கு அம்மா வாங்கியதும் பெட்டிக்கடைப் பொட்டலத் தூள்தான்.

ஆகவே ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் அவளுக்காகக் கணக்குப் போட்டேன். நான்கு வயதுக் குழந்தை. நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 150 மில்லி அளவில் இரண்டு தம்ளர் வரட்டீ. எங்கள் பம்புத் தண்ணீரில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் என்றால், 1.3 லிட்டரில் 3.9. தூளிலிருந்து லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் இறங்குவதாக வைத்துக்கொண்டால் இரண்டு தம்ளரில் 0.6. மொத்தம் 4.5. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளின் உச்ச வரம்பாக அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1997-ல் குறித்தது 2.2. இப்போது தேயிலையை எடுத்துவிடலாம். அத்தை சொன்னபடியே நடந்திருந்தாலும், பிள்ளை வெறும் தண்ணீரையே குடித்திருந்தாலும், 3.9 அப்படியே நிற்கிறது. மாறாக, தண்ணீரை மாற்றி, லிட்டருக்கு 0.2 மட்டுமே உள்ள ஓடைத் தண்ணீரில் அதே இரண்டு தம்ளர் தேநீரைப் போட்டுக் கொடுத்தால் மொத்தம் ஒரு மில்லிகிராமைக்கூடத் தொடாது.

அம்மாவுக்கு எண்கள் பிடிபடவில்லை. 3.9 என்ற எண்ணைச் சுற்றி நான் போட்ட வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பால் குடுத்திருந்தா?" என்றாள். அவள் கேட்டது சரியான கேள்வி. பாலிலுள்ள கால்சியம் ஃப்ளோரைடைக் குடலில் ஓரளவு பிடித்து நிறுத்திவிடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பிள்ளைகளைத்தான் இந்த நோய் கூடுதலாகத் தாக்குகிறது. அதனால் பால் கொஞ்சம் உதவியிருக்கும் என்றேன். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒற்றை எருமையின் பால் டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. டீக்கடைக் காசில்தான் எங்கள் பள்ளிக்கூடச் செலவு நடந்தது. அதை நான் அவளிடம் சொல்லவேண்டியதில்லை.

தங்கையைப் பெண் பார்க்க 2004-லிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு வீட்டார், "பொண்ணு புகையிலை போடுமா?" என்று தரகரிடம் கேட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் சிரிக்கும்போது புறங்கை தானாக வாய்க்குப் போகத் தொடங்கியது. நகரத்தில் ஒரு பல் மருத்துவர், மேற்பூச்சைச் சுரண்டி வெண்மையாக்கலாம், இல்லையென்றால் பீங்கான் ஓடு ஒட்டலாம், ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். முன்வரிசையில் ஆறு பற்கள். அப்பா பெருக்கிப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். இது பற்கள் கட்டப்படும் வயதில் நேர்வது. அதன்பின் தண்ணீரை மாற்றியும் பயனில்லை, பற்பசையை மாற்றியும் பயனில்லை.

2007-ல் அவளுக்குத் திருமணம் ஆனது. மாப்பிள்ளை வீடு கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக ஏறும் சாலை. பல்லைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நாங்களும் கேட்கவில்லை. அது காப்பி விளையும் நாடு. ஆரஞ்சும் மிளகும் மலைவாழையும் ஊடே நிற்க, சில்வர் ஓக் மரநிழலில் காப்பிச் செடிகள். ஆனால் காப்பி விற்பதற்கு. வீட்டில் குடிப்பது, எங்கள் வீட்டைப் போலவே, பொட்டலத் தூள் தேநீர். தண்ணீர் மட்டும் ஓடையிலிருந்து குழாய் வைத்து இறக்கியது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மூன்று வயதிலிருந்து அந்தத் தேநீரைக் குடித்து வளர்ந்தவர்கள். பெரியவளுக்கு நிலைத்த பற்கள் முளைத்த வருடம் அம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அம்மா பேத்தியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, பலகாரத்தில் முடி கிடக்கிறதா என்று பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். பிள்ளை சிணுங்கிக்கொண்டு விலகி ஓடியது. "காவி இல்லை" என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று தங்கை கொடுத்த தேநீரை அவள் வாங்கிக்கொண்டாள். இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடி, கலரே இல்ல? வெந்நி மாதிரி இருக்கு" என்றாள். அது தங்கையின் கைப்பக்குவம் அல்ல. மலைத் தண்ணீர் மென்மையானது. அதில் தேநீர் இளஞ்சிவப்பாகத் தெளிந்து நிற்கும். எங்கள் ஊர்த் தண்ணீரின் காரத்தன்மை தேயிலைச் சாயத்தைக் கருக்கச் செய்துவிடும். கருக்கலான அந்த நிறத்தைத்தான் நாங்கள் "கலர்" என்றும் "ஸ்ட்ராங்" என்றும் பழகியிருக்கிறோம். பாறையிலிருந்து ஃப்ளோரைடை அவிழ்த்துவிடுவதும் அதே காரத்தன்மைதான். இதை எல்லாம் அங்கே நான் சொல்லவில்லை. அம்மா தம்ளரை மிச்சம் வைக்காமல் குடித்தாள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

நாடு ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டது என்று சொல்லமுடியாது. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூர் ஆய்வகம் எழுபதுகளிலேயே உருவாக்கியது. 2008-09-ல் ஃப்ளோரோசிஸ் தடுப்புக்கென்றே ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. எங்கள் ஊருக்கும் இப்போது ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது, வரும் நாட்களில். வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி விடுகிறார்கள். வசதி உள்ளவர்கள் இருபது லிட்டர் கேன் வாங்குகிறார்கள்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் திண்ணையில் உட்கார்ந்து தன் மகனுக்குத் தேநீரை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வயதுப் பையன். உள்ளே கேன் தலைகீழாகக் கவிழ்ந்து நின்றது. எந்தத் தண்ணீரில் டீ போட்டாய் என்று கேட்டேன்.

"போர்த்தண்ணிதாண்ணே. கேன் தண்ணி குடிக்கிறதுக்கு மட்டுந்தான்."

"உலைக்கு?"

"அதுவும் போர்தான். சோத்துக்கும் டீக்கும் கொதிக்கத்தான வைக்கிறோம்?"

கொதித்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது, தண்ணீர் வற்ற வற்ற மிஞ்சிய தண்ணீரில் அது கூடத்தான் செய்யும் என்றேன். ஒரு லிட்டரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால் மூன்று ஆறாகும். அவள் தம்ளரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மனதுக்குள் எதையோ கணக்குப் போட்டாள்.

"டீக்கும் சோத்துக்கும் சேத்தா ஒரு கேன் ரெண்டு நாளைக்குக்கூட வராதேண்ணே" என்றாள்.

சோற்றை விடு, பையனின் டீக்கு மட்டும் கேன் தண்ணீரை எடு, முடிந்தால் பாதிக்குப் பாதி பாலாக ஊற்று, ஐப்பசி மழையில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து மூடி வை என்றேன். மழைத் தண்ணீரா என்று சிரித்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும் அவளுக்கு. சிரிக்கும்போது தம்ளர் இல்லாத கையை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டாள்.